பெருங்குடல் வரைக்கும்

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுங்க. அந்தச் சுருளை மிதிச்சிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். குடலு. ஆமா, குடலுதான். பயப்படாதீங்க, படம். மனுசனோட சீரண மண்டலம், சார்ட்டு. நானே என் கையால வரைஞ்சது. வாயில ஆரம்பிச்சுப் பெருங்குடல் வரைக்கும் எல்லாம் இருக்கு.

இந்த பஸ்ஸு அம்பைக்கு எப்பப் போய்ச் சேரும்? கண்டக்டர்ட்ட கேட்டா, "போற நேரத்துக்குப் போகும்"ங்காரு. நல்ல பதிலுல்லா? அவரு வீட்டுல யாருக்கும் பரீட்சை இல்ல போல.

பரீட்சை எனக்கில்ல, என் வீட்டுக்காரிக்கு. பி.எட். படிக்கா. இன்னைக்கு உக்காந்து எழுதுற பரீட்சை இல்ல, நின்னு நடத்துற பரீட்சை. பள்ளிக்கூடத்துல போய் நெசப் பிள்ளைகளுக்கு முன்னால பாடம் எடுக்கணும். யுனிவர்சிட்டியில இருந்து ஒரு ஆளு வந்து பின் பெஞ்சுல உக்காந்து மார்க்குப் போடுவாரு. எக்ஸ்டர்னல்ம்பாங்க. அவரு நல்லாருக்குன்னா டீச்சரு. இல்லைன்னா இன்னொரு வருசம் காத்துக் கிடக்கணும். சார்ட்டுக்குன்னு தனி மார்க்கு உண்டு பாத்துக்கிடுங்க. அந்த சார்ட்டு இந்தா உங்க காலடியில கிடக்கு. அவ அங்க வெறுங்கையோட நிக்கா. இப்பச் சொல்லுங்க, நான் ஓடியாராம என்ன செய்ய?

என் பேரு ஆவுடையப்பன். கடையத்துல பால் சங்கத்துல வேலை. விடியக்காலம் பால் எடுத்து முடிச்சு வீட்டுக்கு வந்து பாக்கேன், கனி போயிட்டா. சண்முகக்கனி, என் வீட்டுக்காரி பேரு. முத பஸ்ஸுக்கே போயிட்டா. சரி, நல்ல சகுனம்னு நினைச்சுக் காப்பியை ஊத்திக்கிட்டு நிமிந்தா, பரண் மேல சுருள் நீட்டிக்கிட்டு இருக்கு. காப்பியை அப்படியே வச்சுட்டு ஓடியாந்தேன். சட்டையில பித்தான் மாத்திப் போட்டிருக்கேன் பாருங்க. இருக்கட்டும், யாரு பாக்கா?

போன் போட்டேன். 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது'ன்னு ஒரு பொம்பள சொல்லுதா. பரீட்சைக்குப் போறவ அணைச்சுத்தான வைப்பா. கூடப் படிக்கிற புள்ள சம்சாத்துன்னு ஒண்ணு, பொட்டல்புதூர்க்காரி. அவளுக்குப் போட்டேன். மணி அடிச்சு அடிச்சு நிக்கு.

என்ன கேட்டீங்க? பரண் மேல எதுக்கு வச்சாளா? அதான் நானும் யோசிச்சேன். எலி கடிச்சிரும்னு வச்சிருப்பா. எங்க வீட்டுல எலித் தொல்லை சாஸ்தி. வச்ச இடத்தைக் காலையில பதட்டத்துல மறந்துட்டா. மனுசன்னா மறக்கத்தான செய்யும்.

உங்களுக்குப் பிள்ளைங்க? மக ஏழாங்கிளாசா? அட! இதுவும் ஏழாங்கிளாசுப் பாடந்தான். நல்லாப் படிக்கட்டும்.

நானும் பி.எட். தான் அண்ணாச்சி. முக்கால்வாசி பி.எட். சிரிக்காதீங்க. எல்லாப் பரீட்சையும் எழுதினேன். கடைசியா இதே மாதிரிப் பாடம் நடத்த நின்னேன். ஒளிச்சேர்க்கை. விரல் நுனியில வச்சிருந்தேன், ஒரு எழுத்துப் பிசகாது. முன் பெஞ்சுல ஒரு பய என்னத்தையோ பாத்துச் சிரிச்சான். ஒரு பய சிரிச்சா போதும்லா, வகுப்பு முழுக்கத் தொத்திக்கிடும். எனக்கு நாக்கு மேல போய் ஒட்டிக்கிட்டு. சாக்பீஸை மேசையில வச்சேன். வாசல் வழியா வெளிய வந்தேன். நேரா பஸ் ஸ்டாண்டு. அம்புட்டுத்தான். பொறவு அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கல. அதை விடுங்க, அது பழைய கதை. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

கனிக்கு முதல்ல இஷ்டமே இல்ல. பி.எஸ்.சி. முடிச்சிருந்தா, பேங்க் பரீட்சை எழுதணும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. நான்தான் உக்கார வச்சுப் புத்தி சொன்னேன். ஏளா, பேங்குல போய் அடுத்தவன் ரூவாயை எண்ணுறதுக்கு, நாலு பிள்ளைங்க எந்திரிச்சு வணக்கம் டீச்சர்னு சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருன்னேன். யோசிச்சா. சரின்னா. என் பேச்சைத் தட்டமாட்டா, அப்ப.

சேந்த நாள்ல இருந்து அவளை ஒரு வேலை செய்ய விடல அண்ணாச்சி. லெசன் பிளான் அம்புட்டும் நான்தான் எழுதினேன், அவ கையெழுத்து மாதிரியே. காலேஜ் வாசல்ல கடை வச்சு எல்லா சார்ட்டும் ரெடியா விக்கான். கூடப் படிக்கிற புள்ளைக அதைத்தான் வாங்கிக்கிட்டு வருது. என் பொண்டாட்டி கடைச் சார்ட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா? அவ ஒருநாள் தானே ஒண்ணு வரைஞ்சா, வேரும் தண்டும். கோணல் மாணலா இருந்துச்சு. அவ தூங்கின பொறவு வேற வரைஞ்சு அந்த இடத்துல வச்சுட்டேன். காலையில பாத்துட்டு, "நான் வரைஞ்சது எங்க?"ன்னா. இதுதான் நல்லாருக்குன்னேன். எடுத்துக்கிட்டுப் போனா.

சாயங்காலம் ஆனா வீட்டுல வகுப்பு. நான் தரையில சம்மணம் போட்டு உக்காந்திருவேன், பிள்ளை மாதிரி. அவ நின்னு நடத்துவா. என் கையில தட்டும் கரண்டியும். தப்பு விட்டா டங்குன்னு ஒரு தட்டு. பிள்ளை பதில் சொன்னா 'மிக நன்று'ன்னு சொல்லணும், அதுக்கு மார்க்கு. சொல்ல மறந்தா டங்கு. போர்டுக்கு முதுகைக் காட்டினா டங்கு. அடுப்புல தோசை கருகும், அதுக்கு டங்கு கிடையாது. ஒருநாள் கரண்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியா எறிஞ்சுட்டா. டென்சன். படிக்கிற பிள்ளைகளுக்கு வரத்தான செய்யும்.

ஐயோ, என்ன வண்டி நிக்கு? கேட்டா? ரயில்வே கேட்டைப் போட்டுட்டானா? நாசமாப் போச்சு! ஏம் டிரைவர் சார், ரயிலு இப்பத்தான் வருதா? வெண்ணெய் திரண்டு வார நேரத்துல தாழியை உடைச்சிட்டானே. இறங்கி ஓடிரட்டுமா அண்ணாச்சி? ஆழ்வார்குறிச்சி கூடத் தாண்டலியா... ஓட முடியாது. ஓட முடியாது, இல்ல?

மணி என்ன? சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம்.

இந்தச் சார்ட்டுல ஒரு வில்லங்கம் இருக்கு, கேளுங்க. நீங்க மகளைப் பெத்தவரு, உங்களுக்குப் புரியும். சீரண மண்டலம்னா என்ன? வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல். சரி. அதுக்குக் கீழ? ஆமா. அதுதான். புஸ்தகத்துல அச்சடிச்சுப் போட்டிருக்கான், பேரோட. போட்டவனுக்கென்ன? கம்பை வச்சுத் தொட்டுக் காட்டிப் பேரைச் சொல்லப் போறவ என் பொண்டாட்டில்லா? பின்னால ஒரு வேத்து ஆம்பளை உக்காந்திருப்பான். முன்னால அம்பது பிள்ளைங்க. அதனால நான் பெருங்குடலோட நிப்பாட்டிட்டேன். கலர் கொடுத்து ஒரு வளைவு வளைச்சு அழகா முடிச்சிட்டேன். கனி பாத்துட்டு, "மிச்சம் எங்க?"ன்னா. "மிச்சத்தைப் பிள்ளைங்க தானாப் புரிஞ்சுக்கிடும்"னேன். "புரிஞ்சுக்கிடாதுங்க, கேக்கும்"னா. "கேட்டா முறைச்சுப் பாரு"ன்னேன்.

அதைத் தூக்கிக்கிட்டுத்தான் போனா. முதல்ல கொஞ்ச நாள் பழகுறதுக்கு நடத்துவாங்கல்லா, டீச்சிங் பிராக்டிசு, அதுக்கு. இன்னைக்குப் பரீட்சை நடக்குற அதே பள்ளிக்கூடம், அதே வகுப்புதான். அன்னைக்குன்னு பாத்து சாப்பாட்டு டப்பாவை வீட்டுல விட்டுட்டுப் போயிட்டா. சம்சாத்து பிரியாணி கொண்டு வாறான்னு முந்தின நாள் என்னமோ சொன்னா, அது என் காதுல சரியா விழல. டப்பாவை எடுத்துக்கிட்டு நான் போனேன். சும்மா போகல, கேட்டுக்கிடுங்க. வேவு பாக்குறவன்னு நினைச்சிராதீங்க. டப்பாவைக் கொடுக்கத்தான் போனேன். தண்ணிக் குழாய்ப் பக்கம் ஒரு ஜன்னல். அங்கன நின்னா வகுப்புல பேசுறது கேக்கும். முந்தியும் நாலஞ்சு தடவை நின்னிருக்கேன்.

நல்லாத்தான் நடத்துனா. நான் சொல்லிக் கொடுத்ததை விட்டுட்டு, பிள்ளைகளை எல்லாம் ஒரு பொரிகடலையைக் கொடுத்து மெல்லச் சொல்லிக்கிட்டு இருந்தா. அது லெசன் பிளான்ல கிடையாது. சரி, போகட்டும்னு நின்னேன். கம்பு இரைப்பைக்கு வந்துச்சு, சிறுகுடலுக்கு வந்துச்சு, பெருங்குடலுக்கு வந்துச்சு, நின்னுட்டு. ஒரு பய எந்திரிச்சான். நரங்கிப்போன ஒல்லிப் பய, மாடசாமின்னு பேரு. "டீச்சர், அதுக்குப் பொறவு எங்க டீச்சர் போகும்?"

வகுப்பு கொல்லுனு சிரிச்சிட்டு அண்ணாச்சி.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலையில ஏறிட்டு. கனி என்ன செஞ்சான்னா, அவளும் சிரிக்கா. சிரிச்சுக்கிட்டே என்னமோ சொல்ல வாயைத் தொறக்கா. பயத்துலதான் சிரிக்கான்னு எனக்குத் தெரியும்லா? இந்தா ஓடப் போறா, சாக்பீஸை வைக்கப் போறான்னு தோணிட்டு. நான் உள்ள போயிட்டேன். எப்படிப் போனேன்னு தெரியல. அந்தப் பய காதைப் பிடிச்சுத் தூக்கிட்டேன். "ஏலே, பொம்பளை டீச்சர்ட்ட கேக்குற கேள்வியா இது?"ன்னு ஒரு சத்தம். சாப்பாட்டு டப்பா கீழ விழுந்து ரசம் ஓடுது. வகுப்பு கப்சிப்புன்னு ஆயிட்டு. ஒரு மூச்சுச் சத்தம் கிடையாது. நான் முன்னால நிக்கேன், அம்பது பிள்ளைங்களும் என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. என் ஆயுசுல ஒரு வகுப்பு எனக்கு அடங்கினது அன்னைக்குத்தான்.

பொறவு நடந்தது அநியாயம். அந்த வகுப்பு டீச்சர், எஸ்தர் டீச்சர்னு, கனிக்கு அவுகதான் அங்க கைடு. அவுக வந்து என்னை, "யாரு சார் நீங்க? வெளிய போங்க"ன்னாவ. வீட்டுக்காரன்னேன். "அப்ப வீட்டுல இருங்க"ன்னாவ. எப்படி இருக்கு பாத்தீங்களா? ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு விட்டாரு. என்னைக் கூப்பிடல, கனியை. அவ எல்லா டீச்சருக்கும் முன்னால நின்னு மன்னிப்புக் கேட்டா. மறுநாள் அந்தப் பயலோட ஆத்தா வந்தா, அவ கையைப் பிடிச்சும் கேட்டா. தப்பு செஞ்சவன் அந்தப் பய, மன்னிப்பு கேக்குறவ இவ. இன்னொரு தடவை இப்படி நடந்தா பரீட்சைக்கே நிக்க முடியாதுன்னு சொல்லி விட்டிருக்காங்க. எனக்கு மனசு ஆறல. அவளுக்காகத்தான நான் போனேன்? எனக்கென்ன, வேண்டுதலா?

அன்னைக்கு பஸ்ஸுல அவ முன்னால பொம்பளைங்க சீட்டுல உக்காந்துக்கிட்டா. நான் பின்னால. கடையம் வார வரைக்கும் ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கல.

அந்தப் பய நாலு நாளாப் பள்ளிக்கூடம் வரலையாம். இவ அவன் வீட்டைத் தேடிப் போயிக் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. பரீட்சை நெருங்குற நேரத்துல இது தேவையா, நீங்களே சொல்லுங்க. "ஏளா, உனக்குப் பரீட்சை முக்கியமா, மாடசாமி முக்கியமா?"ன்னு கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாங்க"ன்னா. இப்படித்தான், புரியாத மாதிரியே பேசக் கத்துக்கிட்டா.

கேட்டைத் தொறந்தானா? இல்லையா? ரயிலே வரலியே இன்னும்! ஆளைக் கொல்லுதான்.

இருங்க, இன்னொண்ணு சொல்லணும். அதுக்கப்புறம் ஒருநாள் காலையில. சமைச்சு வச்சுட்டு வந்து என் முன்னால நின்னா. தட்டுக் கரண்டி எல்லாம் இல்ல, நான் சும்மாதான் உக்காந்திருந்தேன். "இன்னைக்கு நீங்கதான் மாடசாமி. எந்திரிச்சு அந்தக் கேள்வியைக் கேளுங்க"ன்னா. "என்ன கேள்வி?"ன்னேன். "தெரியாதாக்கும்? அதுக்குப் பொறவு எங்க போகும்னு கேளுங்க. நான் பதில் சொல்லணும். சொல்லிப் பழகணும். பரீட்சை அன்னைக்கு எவனாவது கேட்டா நான் முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது"ன்னா. நான் தரையைப் பாத்தேன். "கேளுங்களேன். ஒரே ஒரு தடவை"ன்னா. கெஞ்சுதா அண்ணாச்சி. நானும் வாயைத் தொறந்தேன். வரல. கருவேப்பிலை இல்லைன்னு சொன்னல்லான்னு சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டேன். தெருவுல நிக்கேன், உள்ள இருந்து அவ குரல் கேக்கு. செவத்தைப் பாத்து நடத்துதா. அந்தப் பேரை, அதைத்தான், சத்தமாச் சொல்லுதா. திருப்பித் திருப்பிச் சொல்லுதா. பக்கத்து வீட்டுக்காரன் பல்லு விளக்கிக்கிட்டு நிக்கான். நான் எங்க போய் மூஞ்சியை வைக்க?

பொறவு அவளே பென்சிலை எடுத்து அந்த மிச்சத்தை வரைஞ்சா, இந்தச் சார்ட்டுலதான். "கலர் மட்டும் கொடுத்துருங்க, பேரை நான் எழுதிக்கிடுதேன்"னா. சரின்னேன். சரின்னு சொல்லிட்டுப் பெயிண்டு டப்பாவைத் தொறந்து உக்காந்தேன். கை போகல. எம்புட்டு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியாது. கடைசியில ஒரு தனித் தாள்ல ஒரு தாமரைப்பூ வரைஞ்சு, அதுக்குக் கீழ 'நன்றி'ன்னு எழுதி, அந்த இடத்து மேல ஒட்டிட்டேன். பாக்கியளா? ஒரு முனையைப் பிடிங்க, பைய. இந்தா. எப்படி இருக்கு? தாமரை நல்லா வந்திருக்குல்லா? இரைப்பைக்கு ஷேடு கொடுத்திருக்கேன் பாருங்க, அப்படியே உருண்டு நிக்கும். சிரிக்காதீங்க அண்ணாச்சி. எல்லாச் சார்ட்டுலயும் நன்றி போடுறதுதான்.

நேத்து சாயங்காலம் அவட்ட காட்டினேன். பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. சண்டை போடல, கரண்டியை எறியல. அவளே சுருட்டி, பழைய சேலைக் கரையைக் கிழிச்சுக் கட்டி வச்சா. பிடிச்சிருக்கு போலன்னு நினைச்சுக்கிட்டேன். சார்ட்டு நல்லாருந்தா ஆளுக்கு ஒரு தைரியம் வரும்லா? பிள்ளைங்க சார்ட்டைப் பாக்கும், உன்னையப் பாக்காதுன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப அது இல்ல. அந்தாளு பின்னால உக்காந்து பேனாவைத் தொறந்திருப்பான். பிள்ளைங்க அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கும். எவனாவது ஒருத்தன் சிரிப்பான். சிரிச்சுட்டா முடிஞ்சுது அண்ணாச்சி. நாக்கு ஒட்டிக்கிடும். நான் பெயிலாயிருவேன்.

அவ. அவ பெயிலாயிருவா.

சாமி, முப்பிடாதி, அந்த ரயிலை அனுப்பு தாயே. இந்த ஒரு தடவை. அந்தா வருது! வருதுல்லா? சத்தம் கேக்கு. கூட்ஸு. எளவு, கூட்ஸு வண்டி. இது எத்தனை பெட்டி போகும்? போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு...

போன் அடிக்கு. எனக்குத்தான். சட்டைப் பையிலயா, எங்க... பிடிங்க இதை. ஹலோ? கனி! ஏளா கனி, நான்தான். வந்துட்டேன், இங்கன கேட்டுல நிக்கேன். சார்ட்டு எங்கிட்ட இருக்கு. நீ அந்த எக்ஸ்டர்னல்ட்ட கேளு, சம்சாத்தை முன்னால அனுப்பச் சொல்லு, நான்... என்னது? கேக்கல. கூட்ஸு போகுது. சத்தமாச் சொல்லு. முடிஞ்சிட்டா? எது முடிஞ்சிட்டு? முத ஆளு நீயா? யாரு போகச் சொன்னா? நீயே கேட்டுப் போனியா?

சார்ட்டு இல்லாம எதைக் காட்டி நடத்தின? போர்டுலயா? சாக்பீஸ்லயா? முழுசா? கடைசி வரைக்குமா?

யாரு கேட்டா? மாடசாமியா? அந்தப் பயலேயா? நீ சொல்லிக் கேக்கச் சொன்னியா, இல்ல அவனா... அவனாவேயா. சிரிச்சாங்களா? ம். எக்ஸ்டர்னலுமா? ம். நீ? ம்... ம்... சரி. சாப்பிட்டியா? சரி.

கனி, மறந்துட்டுத்தான போன? ஏளா, இதை மறந்துட்டுத்தான போன? ஹலோ?

ம். சரி. வரல. நான் வரல. சரி, வை.

கொடுங்க அண்ணாச்சி. பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க, கை வலிக்கும்.

முடிஞ்சிட்டாம். நல்லா நடத்துனாளாம். அந்தாளு எந்திரிச்சு, "நல்லா எடுத்தம்மா, இப்படித்தான் எடுக்கணும்"னாராம். மார்க்கு இப்பச் சொல்லமாட்டான். ஆனா அப்படிச் சொல்லிட்டா அது பாசுதான். எனக்குத் தெரியும். கூடப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் சேந்து ஓட்டல்ல பூரி தின்னுட்டு இருக்கு. பின்னால சத்தம் கேட்டுச்சு, ஒரே கும்மாளம்.

சந்தோசந்தான். சந்தோசம் இல்லாமயா?

அந்தப் பய திரும்பவும் எந்திரிச்சு அதே கேள்வியைக் கேட்டிருக்கான். காதைப் பிடிச்சுத் தூக்கின பொறவும் கேட்டிருக்கான் பாருங்க. வகுப்பே சிரிச்சிருக்கு. பின்னால உக்காந்திருந்த ஆளும் சிரிச்சிருக்காரு. இவளும் சிரிச்சாளாம். சிரிச்சிட்டு, போர்டுல கடைசி வரைக்கும் வரைஞ்சு, பேரை எழுதி, எல்லாரையும் ஒரு தடவை சொல்லச் சொன்னாளாம். சொல்லிச்சுதாம் எல்லாம். அப்புறம் எவனும் சிரிக்கலையாம்.

எனக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி விளங்கல. அம்பது பேரு சிரிக்கான். சிரிச்ச பொறவும் அவ அங்கனயே நின்னிருக்கா. எப்படி நின்னா? என்னத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா? நான் சொல்லிக் கொடுக்கலியே அதை. எனக்குத் தெரியாதே.

மறந்துட்டுத்தான போனன்னு கேட்டேன். "இல்லைங்க, வச்சுட்டு வந்தேன்"ங்கா.

கேட்டைத் தொறந்துட்டான். பாருங்க, இப்பத் தொறக்கான். நான் எங்க இறங்க? அங்க வரவேண்டாம்னுட்டா. சாயங்காலம் அவளே வந்துக்கிடுதாளாம். பாதி வழியில இறங்கினா எங்கன நிக்க? அம்பை வரைக்கும் சீட்டு எடுத்துட்டேன். உக்காந்திருக்கேன், போகுற வரைக்கும் போவோம்.

உங்க மக ஏழாங்கிளாசுன்னீங்கல்லா. இதைக் கொண்டுபோய்க் கொடுங்க. இல்ல, இல்ல, காசெல்லாம் வேண்டாம், என்ன பேச்சு பேசுதீங்க? கடையில இப்படி ஒண்ணு கிடைக்காது. செவத்துல மாட்டச் சொல்லுங்க. அந்தப் புள்ளையும் டீச்சராட்டும்.

இருங்க. இப்படியே கொடுக்கக் கூடாது. முழுசு இல்ல இது. அந்தத் தாமரையைப் பிச்சிருவோம். நகம் வச்சு முனையில தூக்குங்க, பைய, கீழ உள்ள தாள் கிழிஞ்சிரும். வருது, வருது. அந்தா, பாத்தீங்களா? அவ போட்ட பென்சில் கோடு அப்படியே இருக்கு. அம்புக்குறி கூடப் போட்டிருக்கா, பேரு எழுதுறதுக்கு. பேரு எழுதுறதுக்குள்ளதான் நான் வாங்கிட்டேன்.

உங்ககிட்ட பேனா இருக்கா அண்ணாச்சி?

கொடுங்க. பஸ்ஸு குலுங்குது. அம்புக்குறி இந்தா இருக்கு, அதுக்கு நேரா எழுதணும். எழுத்து என்ன, நாலஞ்சு எழுத்துத்தான். ஏழாங்கிளாசுப் பிள்ளைங்க சத்தமாச் சொல்லியிருக்கு. நான் எழுதினா என்ன இப்ப?

இல்ல அண்ணாச்சி. வரல. இந்தாங்க பேனா. நீங்க எழுதுங்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடுதேன்.